மூன்று அறைகளும் ஒரு திருடனும்

உங்கள் வைஃபை மெதுவாகப் போனால் முதலில் யார்மீது சந்தேகம் வருகிறது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள்மீதா?

அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு ‘அளவுகோல்’ என்று பட்டப்பெயர். கதவிடுக்கு முதல் தண்ணீர்த் தொட்டி வரை அளந்துவிடுவார். அளந்ததைப் பற்றி யோசிப்பதுதான் அவருக்கு ஆகாது. கட்டடம் முழுவதற்கும் பொதுவான வைஃபை அவர் பொறுப்பு. அதில் எவ்வளவு வேகம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க, கைபேசி, மடிக்கணினி, டேப்லெட் மூன்றையும் மூன்று அறைகளில் வைத்து, ஒரே நேரத்தில் ஓயாமல் அளக்கவிட்டார். முப்பது மெகாபிட் வரவேண்டும். மூன்றிலும் பத்துதான் வந்தது.

“பாத்தியா? மூணு சாட்சியும் ஒரே மாதிரி சொல்லுது. மீதி இருபதைக் கீழ எவளோ உறிஞ்சுறா,” என்றார் மனைவியிடம்.

மாடியில் நாள் முழுக்கப் படம் பார்க்கும் வக்கீலைக் கேட்க வாய் வருமா? தரைத்தளத்துத் தையல்காரி இருக்கவே இருக்கிறாள். ஏழைக்கு விசாரணை எதற்கு, தீர்ப்பே போதும். அவள் வீட்டு இணைப்பைத் தடுத்துவிட்டார்.

தையல்காரி கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள். “அண்ணே, இன்னிக்கு மத்தியானம் பொண்ணுக்கு வீடியோவுல இன்டர்வியூ. இப்பதான் மொத தடவை கூப்பிட்டிருக்காங்க. கொஞ்சம் தொறந்துவிடுங்க.”

“அளவு பொய் சொல்லாதும்மா.”

அவள் போன பிறகு பார்த்தார். அப்போதும் பத்து.

“கில்லாடி! தடுத்தும் திருடுறா!”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியையும் டேப்லெட்டையும் பட்டென்று அணைத்தாள். கைபேசியில் எண் மளமளவென்று ஏறி முப்பதைத் தொட்டது. மறுபடி அவற்றைப் போட்டாள், பத்துக்கு இறங்கியது. அளக்கும் கருவி அகப்பட்ட வேகத்தையெல்லாம் விழுங்கித்தான் அளக்கிறது. மூன்று விழுங்கினால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குதானே!

அளவுகோல் மூன்று கருவிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“திருடன் கீழ இல்லீங்க, நம்ம மூணு ரூம்லயும் உக்காந்திருக்கான். தடையை எடுத்துட்டு, போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“வாட்ஸ்அப்ல சொன்னா போதாதா?”

“எந்த வாட்ஸ்அப்ல? அவ நெட்டைத்தான் கட் பண்ணிட்டீங்களே!”

தடையை எடுத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். விஷயத்தைக் கேட்டதும் மகள் கைபேசியை ஜன்னலோரம் நிறுத்தினாள். சரியாக அழைப்பு வந்தது. “நல்லா கேக்குது சார்,” என்றாள். அளவுகோல் மன்னிப்புக் கேட்க ஜன்னலருகே நெருங்கினார்.

“அப்புறம் கேக்கலாம்ணே,” என்று கிசுகிசுத்தாள் தையல்காரி. “மொதல்ல வெளிச்சத்தை மறைக்காம நகருங்க!”

உங்கள் கட்டடத்திலும் இப்படி யாரையாவது தடுத்து வைத்திருக்கிறீர்களா? முதலில் உங்கள் கருவிகளில் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள். பிறகு அந்தக் கதவை நீங்களே போய்த் தட்டுங்கள், இன்றைக்கே.