மேற்கே இறக்கிய சாய்ப்பு

அம்சம் சின்னம்மா போன மாதம் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அவளுடைய நடவுக் கையைப் பற்றிப் பேசினார்கள். வாயைப் பற்றியும் பேசினார்கள். சாய்ப்பு இறக்கிய கதையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். வாய்க்கால் கரையை ஒட்டி, பண்ணை நிலத்தின் ஓரத்தில், வயல் வேலை செய்கிறவர்களின் வீடுகள் பதினாறு. சுவரும் கூரையும் எங்களுடையவை, அடியில் இருக்கும் மண் பண்ணையுடையது. பண்ணைக்குக் கோபம் வந்தால் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. யார் குடியிருக்கிறார்களோ மனை அவர்களுக்கே என்று ரேடியோவில் சொன்னார்கள், கொடி கட்டிய மேடையிலும் சொன்னார்கள். பட்டாதான் கைக்கு வந்து சேரவில்லை.

மறு வருஷம் புரட்டாசியில் சின்னம்மாவின் பசு நிறைசினையாக இருந்தது. அதன் முதல் கன்று மழையில் நனைந்தே செத்துப்போயிருந்தது. அதனால் ஐப்பசி மழைக்குள் வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். சித்தப்பா வீரையன் கூரை வேலையில் கெட்டிக்காரர். சுவரோரம் உயரமாக மூன்று கால், எதிரே தாழ்வாக மூன்று கால், குறுக்கே மூங்கில், மேலே கீற்று. பஞ்சாயத்து கிளார்க்கிடம் கேட்டதற்கு அவர், "கீத்துக் கொட்டகைக்கெல்லாம் பிளான் யாரு கேட்டா? செங்கல் வெச்சா வந்து சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

சர்க்கார் சம்மதம் இப்படிச் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு சட்டம் உண்டு. புதிதாகக் கூரை இறக்கினால், அதன் இறவாணத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பில், வழிகிற தண்ணீர் எந்தப் பக்கம் சொட்டுமோ, சொட்டியது எந்தப் பக்கம் ஓடுமோ, அந்தப் பக்கத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விட்டதால் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

தண்ணீர் ஓடுவது தெற்கே, ராமாயி வீட்டு வாசல் வழியாக.

"ஒன் வாசல்ல ஓடும்டி, பரவாயில்லையா?" என்றாள் சின்னம்மா.

"ஓடட்டும். மாடு கண்ணு போட்டா ஒரு செம்புப் பாலும் இந்தப் பக்கம் ஓடணும்" என்றாள் ராமாயி.

சொட்டுவது மேற்கே. அங்கே பண்ணையின் நெற்களம். மிராசுதார் கும்பகோணத்தில் இருந்ததால் ஊரில் எல்லாம் அவருடைய காரியக்காரர்தான். சின்னம்மா அவரிடமும் போய்க் கேட்டாள். எப்போதும் சிடுசிடுப்பவர் அன்றைக்குத் தேனாகப் பேசினார்.

"தாராளமா எறக்கிக்க புள்ள. வாய்வார்த்தையா எதுக்கு? ஒரு காகிதம் இருந்தா ஒனக்கும் பலம்."

காகிதத்தை அவரே எழுதினார். சின்னம்மா அந்த வருஷம்தான் கையெழுத்துப் போடக் கற்றிருந்தாள். இடம் கிடைத்தால் போதும், போட்டுவிடுவாள். போட்டாள்.

மறுநாள் குடவாசல் மூங்கில் கடையில் சேக் தாவூது பாய் கழி பொறுக்கிக்கொடுத்தபடியே சொன்னார்: "மேல்காலுக்கும் கீழ்காலுக்கும் ரெண்டடி எறக்கம் வைங்க. கம்மியா வெச்சா கீத்துல தண்ணி நின்னு ஒரே வருஷத்துல மக்கிப்போயிடும்."

சின்னம்மா பெருமையோடு தன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னாள். பாய் கையிலிருந்த கழியைக் கீழே போட்டார்.

"என்னன்னு எழுதியிருந்துச்சு தங்கச்சி?"

"படிச்சுக் காட்டல பாய்."

"ஒன் மனையில கொட்டகை போட அவங்கள்ட்ட அனுமதி கேட்டா எழுதிக் குடுத்த? மனை என்னுது இல்லன்னு நீயே சொன்ன மாதிரி ஆவாது?"

திரும்பி வரும்போது சித்தப்பாவின் தோளில் மூங்கில், சின்னம்மாவின் வாயில் சத்தமே இல்லை. வாழ்நாளில் அவள் பேசாமல் நடந்த ஐந்து மைல் அதுதான்.

பாய் சொன்னபடியேதான் ஆனது. அந்த இடம் களத்தைச் சேர்ந்தது, அம்சம் பண்ணையின் தயவில் அங்கே தங்கியிருக்கிறாள், பட்டா கொடுக்கக் கூடாது என்று பண்ணை மனுப் போட்டது. விசாரிக்க அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. சித்தப்பா நட்ட ஆறு காலும் கூரையில்லாமல் நின்றன. மனையே போய்விட்டால் கீற்று எதற்கு என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார். பசுவுக்கு மடி இறங்கிவிட்டது, கன்று போடும் நாள் நெருங்கிவிட்டது.

அதிகாரி வந்தார். தெருவே கூடிவிட்டது. காரியக்காரர் காகிதத்தை நீட்டி மடக்கிப் படித்தார்: "தங்கள் களத்தை ஒட்டி நான் குடியிருந்துவரும் இடத்தில் சாய்ப்பு இறக்கிக்கொள்ளத் தாங்கள் தயவுசெய்து அனுமதிக்க வேண்டியது."

"இது ஒங்க கையெழுத்தாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமாங்க. நல்லாத்தான் போட்டிருக்கேன்."

"எடம் ஒங்களோடதுன்னா இவங்கள்ட்ட எதுக்கு அனுமதி கேட்டீங்க?"

"எடத்துக்குக் கேக்கலீங்க, தண்ணிக்குக் கேட்டேன். எறவாணத் தண்ணி அவங்க களத்துல சொட்டும், கேக்காம எறக்கலாங்களா? ராமாயிகிட்டயுந்தான் கேட்டேன். அதுக்காவ மனை ராமாயிக்குப் போயிடுமா?"

"குடுத்தா வேணாங்கல!" என்றாள் கூட்டத்திலிருந்து ராமாயி.

தெருவே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. ராமாயியைக் கூப்பிட்டு விசாரித்தார். பண்ணையின் சொந்த ஆளான காத்தானையும் கூப்பிட்டார். காத்தான் காரியக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேக்குறதுதாங்க வழக்கம். போன வருசம் நான் எறக்கறப்ப நாலு வீட்டுல கேட்டேன்" என்றார். அதிகாரி காகிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

"இதை எழுதினது நீங்கதானே?" என்றார் காரியக்காரரிடம். "களத்தை ஒட்டின எடம்னு எழுதிட்டு, இப்ப களத்துக்குள்ளங்கிறீங்களே?"

காரியக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் எங்க களத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழக் கூடாதுங்க!"

"அது நியாயம்" என்று அதையும் எழுதிக்கொண்டு அதிகாரி எழுந்தார்.

அவருடைய ஜீப் திரும்பும் முன்பே சின்னம்மா கடப்பாரையை எடுத்துவிட்டாள். கீழ்க்கால் மூன்றையும் பிடுங்கி, சொட்டுவது தன் மண்ணிலேயே சொட்டும்படி இரண்டடி உள்ளே தள்ளி நட வைத்தாள்.

"மாட்டோட பின்பக்கம் நனையுமே" என்றார் சித்தப்பா.

"குறுக்க கட்டுவோம்."

குறுக்கே கட்டிய பசு ஐப்பசி அடைமழையில் கிடாரிக் கன்று போட்டது. கன்று நனையவில்லை. ராமாயிக்குச் செம்பு நிறையப் பால் போயிற்று. தை மாதம் சின்னம்மாவின் பெயரிலேயே பட்டா வந்தது. பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாளாம்.

சாய்ப்புக்கும் களத்துக்கும் நடுவே மிஞ்சிய இரண்டடி மண்ணில் அன்றைக்கே ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். பண்ணை காலத்தில் எங்கள் தெருவில் யாரையும் மரம் வைக்க விட்டதில்லை. மரம் வைத்தவர்கள் லேசில் கிளம்ப மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

களத்துக்கு வந்த காரியக்காரர் நின்று பார்த்தார். "கெளை களத்துப் பக்கம் நீட்டுமே அம்சம்?"

"நீட்டினா காயப் பறிச்சுக்குங்க. என்னை ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள் சின்னம்மா.