நத்தார்க் கடற்பாசி

நத்தார் விருந்துக்கு என்ன இனிப்பு வைப்பது என்று எங்கள் வீட்டில் அந்த வருடம் ஒரு சண்டையே நடந்தது. எனக்குப் பத்து வயது. அப்பாவின் அலுவலகத்துப் பெரியவர் முதல் தடவையாகக் குடும்பத்தோடு பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மஞ்சள் சோறு, கோழி, பன்றி இறைச்சிக் கறி எல்லாம் ஏற்றிய பிறகு முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்த்த வட்டிலப்பத்தையும் வைத்தால் மனிதர் கதிரையை விட்டு எழும்பமாட்டார், பாரமில்லாத ஏதாவது செய் என்றார் அப்பா. பிஸ்கட் புடிங் வட்டிலப்பத்தைவிடப் பாரம். பழக்கலவை என்றால் அன்றைக்கே இருந்து வெட்ட வேண்டும். பாலன் பிறப்பு இரவுப் பூசைக்குப் போய்வந்து விடிந்ததும் அடுப்போடு மல்லுக்கட்டப் போகிறவள் நான், முதல் நாளே செய்து மூடிவைக்கக்கூடியதாக இருந்தால் சொல்லுங்க, இல்லாட்டி பேசாம இருங்க என்றார் அம்மா. அப்பா பேசாமல் இருந்தார்.

தீர்ப்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. நாங்கள் கண்டியில், கட்டுக்கலையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். டவுனில் புடவைக்கடை வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரியை அம்மா அக்கா முறையில் ராத்தா என்பார், எனக்கு அவர் மாமி. நோன்பு காலத்தில் மாமி பால் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கி அனுப்பும் கடற்பாசிக்காக நான் பின்னேரம் முழுக்க வாசலையே சுற்றிக்கொண்டிருப்பேன். "கடப்பாசி செய்யுங்களேன். முதல் நாளே காய்ச்சி ஊத்தினா தன்பாட்டுல பிடிச்சிக்கும். வயித்துக்கும் பாரமில்ல" என்றார் மாமி. சொன்னதோடு நிற்காமல், நார்நாராகக் காய்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்து, எவ்வளவு ஊறவேண்டும், பாலை எப்போது சேர்க்கவேண்டும் என்று பக்கத்தில் நின்று படிப்பித்தார். வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் மலியத் தொடங்கியிருந்த நேரம் அது. மாமி வீட்டுக்குப் புதிதாக ஒரு பிரிஜ் வந்திருந்தது. அதில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். "வேணாம் ராத்தா, கண்டிக் குளிரே போதும்" என்று அம்மா மழுப்பிவிட்டார். நத்தாருக்குப் போத்தலோடு வந்து நிற்கும் தன் தம்பியை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் மாமி வீட்டுக்கென்றே ஒரு சட்டி, ஒரு கரண்டி, நீலக்கரை போட்ட ஒரு கிண்ணம் இருந்தன. பன்றி இறைச்சி சமைக்கும் வீடு என்பதால் அம்மா அவற்றை மேல்தட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார். யார் தொட்டாலும் கை பழுத்துவிடும். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அந்தச் சட்டியில்தான் கடற்பாசி காய்ச்சப்பட்டது. முதலில் மாமியின் பங்கை அம்மா நீலக்கரைக் கிண்ணத்தில் ஊற்றி, என் கையிலேயே கொடுத்தனுப்பினார். நான் திரும்பி வந்தபோது, புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த மாமா, அம்மாவின் அந்தத் தம்பி, தன் போத்தலோடு அடுப்படியில் நின்றார். "பெரிய மனுசன் சாப்பிடப் போறாரு, வெறும் பாலைக் குடுத்து அனுப்பவா?" என்றபடி, அம்மா பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றியிருந்த மீதியில் பிரண்டியைச் சரித்தார். இரண்டு கரண்டி என்றுதான் சொன்னார். அவருடைய கரண்டிக் கணக்கு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அம்மா திட்டிவிட்டு, பாத்திரத்தை முன்னறை ஜன்னலோரம் எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்தார். "இது இங்கதான் இருக்கணும். ராத்தா வீட்டுப் பக்கம் போகவே கூடாது, வெளங்குதா?" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். எனக்கு நன்றாகவே விளங்கியது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

பெரியவரின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். பிரிஜ்ஜில் வைக்காத புடிங்கும் ஒரு புடிங்கா, அது கஞ்சிதானே என்று பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டவள். நத்தார் காலையில் ஜன்னலோரத்துப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி போதவில்லை என்று பட்டது. அம்மா பின்னால் அடுப்படியில், அப்பா கதிரை இரவல் வாங்கப் போயிருந்தார், மாமா குறட்டையில். பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன்.

"நேத்துத் தந்தது நல்லாப் பிடிச்சீக்கி மகள். உங்கட உம்மாக்குக் கைப்பாகம் வந்திட்டு" என்று சந்தோசமாக வரவேற்றார். நான் பாத்திரத்தை நீட்டினேன். பிரிஜ் கதவைத் திறந்தவர், எதற்கும் கேட்டுவைப்போம் என்பதுபோலக் கேட்டார்.

"இதுலயும் வேற ஒண்டும் சேர்க்கல்லதானே?"

"இல்ல மாமி. நேத்துத் தந்ததுதான்."

"அப்ப இதயும் பாக்கட்டா?" என்று ஒரு தேக்கரண்டி எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. அவர் மூலையில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் வைக்கும்வரை நான் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னால் அம்மாவிடம் அடி விழும், பாத்திரமும் குளிராது. என் தலைக்குள் ஓடியதெல்லாம் இவ்வளவுதான்.

மாமியின் வாய் அசைவது நின்றது. "இதென்ன மகள் வாசம்?"

"எசன்ஸ் மாமி."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தாகமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முந்தானையால் வாயைத் துடைத்தபடி வந்தவர், கிள்ளிய இடத்தைக் கரண்டியால் தடவிச் சமமாக்கி, பாத்திரத்தைத் தன் கையாலேயே வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஐயோ, அந்த நிமிசத்தில் எனக்கிருந்த பெருமை! இவ்வளவு லேசாகப் பொய் சொல்ல வருமென்று அதுவரை எனக்கே தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு நைசாகப் போய் எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்துவிட்டேன். பரிமாறும்போது பாத்திரத்தைத் தொட்ட அம்மா, "பாத்தீங்களா, நம்ம ஊர்க் குளிர!" என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்தார். பெரியவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். என் வகுப்புக்காரி தட்டை நீட்டியபோது, "அது பிள்ளைகளுக்கு வேணாம், மாமா சேட்டை பண்ணி வச்சிருக்காரு" என்று அம்மா அவளுக்கு ஒரு துண்டு கேக்கை வைத்தார். யாருக்காக நான் அத்தனையும் செய்தேனோ அவள் அதை வாயில்கூட வைக்கவில்லை.

பின்னேரம் கேக் தட்டோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். பிரிஜ்ஜில் இருந்தவையெல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. மாமி கையை மடித்துவிட்டு, தட்டுகளைக் கழற்றி, உள்ளே தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வாளித் தண்ணீர் முடிய இன்னொரு வாளி.

"நல்ல நாளும் அதுவுமா என்ன ராத்தா இது?" என்று அம்மா பதறிப்போய்க் கேட்டார்.

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். "ஐஸ் கட்டிப் போய்த்து. வேற ஒண்டுமில்ல" என்று அம்மாவிடம் சொன்னார்.

தப்பித்தேன் என்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. அம்மா சாகும்வரை இதை அறியவில்லை. தான் காப்பாற்றிய சட்டிக்கும் கரண்டிக்கும் ஒரு அர்த்தமும் இல்லாமல் நான் செய்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

அடுத்த நத்தாருக்கு முதல் நாள் மாமி தானாகவே மதிலோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். பிரிஜ்ஜில் கீழ்த்தட்டு முழுவதையும் காலிசெய்து, பழைய பத்திரிகைத்தாளை இரண்டு மடிப்பாக விரித்து வைத்திருந்தார். "உங்கட பாத்திரத்த இதுல வைங்க மகள்" என்றார். அம்மாவும் அந்த வருடம் மாமாவின் போத்தலைப் பூட்டிவைத்திருந்ததால் சரியென்று தலையாட்டிவிட்டார். நான் பாத்திரத்தைக் கொண்டுபோனபோது மாமி அதைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. பாத்திரம் வழுக்காமல் இருக்கத்தான் தாள் விரித்திருக்கிறார் என்றும், நல்லவேளையாகக் கேட்பதற்கு மறந்துவிட்டார் என்றும் என் பதினொரு வயதுப் புத்தியில் நினைத்துக்கொண்டு, துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.