திரும்பி வந்த வண்டிகளின் நோட்டு

1. போர்டு மாட்டிய திங்கட்கிழமை

கள்ளக்குறிச்சி சேலம் ரோட்டில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்து அப்போது எட்டாவது வருஷம். திங்கட்கிழமை காலை உள்ளே போனால், டூல்ஸ் மாட்டும் சுவரில் புதிதாக ஒரு வெள்ளை போர்டு தொங்கியது. அதில் மூன்று பெயர். முதலில் தங்கராசு, அடுத்து ஏழுமலை, கடைசியில் பழனி. ஏழுமலை நான். எட்டு வருஷம் வேலை பார்த்தவன் பெயர் இரண்டாவதாகவும், வந்து பதினாலு மாதமே ஆனவன் பெயர் முதலிலும் ஏன் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. போர்டு எதற்கு என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

முதலாளி ஜமீல் பாய் முந்தின வாரம் சேலத்தில் ஏதோ மீட்டிங்குக்குப் போய் வந்திருந்தார். அங்கே டார்கெட், டார்கெட் என்று இரண்டு நாள் பேசியிருக்கிறார்கள். எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு ஜெனரல் சர்வீஸ். முடிக்க முடிக்க போர்டுல கோடு போட்டுக்கினே வாங்க. மூணு மாசம் கழிச்சி கச்சிராயபாளையத்துல பிராஞ்ச் தொறக்கறோம். யாருக்குக் கோடு ஜாஸ்தியோ, அவன்தான் அங்க ஹெட் மெக்கானிக்."

என் வீடு கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில்தான். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போகிறவன். அந்த பிராஞ்ச் கிடைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போகலாம். அதைவிட, எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனை ஹெட் என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. கிடைக்குமா என்ற கவலை ஒரு பக்கம். கிடைக்காமல் தங்கராசுக்குக் கிடைத்துவிட்டால் என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிது.

2. தங்கராசு

தங்கராசு சின்னசேலத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்தவன். என்னைவிட ஆறு வயது இளையவன். சாயங்காலம் ஆறு மணிக்கும் அவன் சட்டைக் காலரில் அழுக்கு இருக்காது. அதெப்படி என்று ஒரு வாரம் கவனித்தேன், தெரியவில்லை.

அவன் கை மெதுவானது. வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கஸ்டமரோடு பேசிக்கொண்டு நிற்பான். எந்த ஊரு, எந்த வழியா வர்றீங்க, பின்னாடி யாராச்சும் உக்காருவாங்களா, மூட்டை ஏத்துவீங்களா என்று சம்பந்தம் பேசப் போனவன் மாதிரி விசாரிப்பான். அந்த நேரத்தில் நான் ஒரு ஏர் ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியிருப்பேன். முதல் வாரக் கடைசியில் எனக்கு முப்பத்தாறு கோடு, அவனுக்கு இருபத்தைந்து.

ஜெயிக்கிறவன் சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. ஏனென்றால் ஜமீல் பாய் வெளியே வந்தால் அவன் பக்கத்தில் போய்த்தான் நிற்பார். கஸ்டமர்கள் கவுன்டரில் "அந்த தம்பி இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நான் சும்மா இருந்தாலும், அவன் கை காலியாகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் அவனை சார் என்று கூப்பிட்டார். எட்டு வருஷத்தில் என்னை யாரும் சார் என்றதில்லை.

"பேசியே ஆள மயக்கறான்" என்றேன் பழனியிடம்.

பழனி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "உனக்குத்தான் கோடு ஜாஸ்தி இருக்குதே, அப்புறம் இன்னா வவுத்தெரிச்சல்?" என்றான். அவனுக்கு இந்தப் போட்டியே வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு வண்டி பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான்.

3. நோட்டு

பேச்சில் காலத்தை ஓட்டுகிறவன் வேலையில் கோட்டை விடுவான் என்பது என் எண்ணம். அதை நிரூபிக்க ஒரு வழி தோன்றியது. சர்வீஸ் முடித்துப் போன வண்டி பதினைந்து நாளுக்குள் கம்ப்ளைன்ட் என்று திரும்பி வந்தால் அதை ரிட்டர்ன் என்போம். ரிட்டர்னுக்கு போர்டில் இடம் கிடையாது. யாரும் எண்ணுவதும் கிடையாது. தங்கராசுவின் ரிட்டர்னை எண்ணி எழுதி, மூன்று மாத முடிவில் பாய் முன்னால் வைத்தால் என்ன?

பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டு வாங்கினேன். அவன் பெயரை மட்டும் எழுதினால் பொறாமையில் எழுதியது என்று தெரிந்துவிடும். நியாயமாகத் தெரிவதற்காக நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் அவன் பெயர், வலது பக்கம் என் பெயர் என்று எழுதினேன். தினமும் சாயங்காலம் பர்வீனிடம் ஜாப் கார்டுகளை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வேன். பர்வீன் கவுன்டரில் கார்டு எழுதும் பெண். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். நம்பவில்லை.

முதல் மாதம் முடிந்தது. தங்கராசு பக்கம் மூன்று. என் பக்கம் பதினேழு.

கூட்டியதில் தப்பு இருக்கும் என்று மறுபடியும் எண்ணினேன். பதினேழுதான். பதினேழில் பன்னிரண்டு ஒரே கம்ப்ளைன்ட், பின் பிரேக் பிடிக்கவில்லை. நான் முதலில் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கராசு தன் வண்டிகள் திரும்பி வந்தால் அந்தக் கார்டை என் கார்டுக் கட்டுக்குள் சொருகிவிடுகிறான், அதற்கு பர்வீனும் கூட்டு என்று நினைத்தேன். நேரே போய் அவளிடமே கேட்டும் விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. பன்னிரண்டு கார்டையும் எடுத்து மேஜையில் வரிசையாகப் போட்டாள்.

"ஊரு பாருங்கண்ணே. எல்லாம் மலை. வெள்ளிமலையும் அதச் சுத்தி இருக்கறதும். தங்கராசு அண்ணனுக்கும் மலை வண்டி இதே அளவு குடுத்துக்கினுதான் இருக்கறேன். ஊர் பேர கார்டுல எழுதச் சொன்னதே அவருதான்."

பன்னிரண்டிலும் கீழே மெக்கானிக் கையெழுத்து என்னுடையது. பிரேக் டிரம் கழற்றிச் சுத்தம் என்ற கட்டத்தில் டிக்கும் நான் போட்டதுதான். டிரம் என்பது பின் சக்கர நடுவில் பிரேக்கை மூடியிருக்கும் வட்டக் கூடு; எந்த வண்டியிலும் நான் அதைக் கழற்றவில்லை. கழற்றி மாட்ட இருபது நிமிஷம் ஆகும். பெடலோடு சேரும் பிரேக் ராடில் இருக்கும் நட்டை இரண்டு சுற்று முறுக்கினால் பெடல் டைட்டாகத் தெரியும், கஸ்டமர் மிதித்துப் பார்த்துத் தலையாட்டுவார். அந்த இருபது நிமிஷம்தான் என் ஆறாவது கோடு.

முன்பெல்லாம் நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. நட்டை டைட் செய்தோமா என்று வண்டி போன பிறகும் நினைத்துக் குமைகிறவன். போர்டு வந்த பிறகு அந்தக் கவலையெல்லாம் கோட்டின் மேல் போய்விட்டது.

தெரிந்த பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. பாதி வண்டிக்குக் கழற்றினேன், பாதிக்கு விட்டேன். தங்கராசு அந்த வாரம் இருபத்தெட்டு போட்டுவிட்டானே என்ற பயம்.

4. சின்னப்பையன் வண்டி

இரண்டாவது மாதத்தில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சின்னப்பையன் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் வண்டியை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஹெட்லைட் நொறுங்கி, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மலை இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல், பள்ளத்தின் பக்கம் விடக்கூடாது என்று மலைப் பக்கத்து மண் மேட்டில் மோதி நிறுத்தியிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் கை எலும்பு முறிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

அந்த வண்டியைப் பதினோரு நாளுக்கு முன்னால் சர்வீஸ் செய்தவன் நான்.

அவர் சண்டைக்கு வரவில்லை. டிரம்மைக் கழற்றினேன். உள்ளே உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்து கிடந்தது. எப்படி இவ்வளவு சூடானது என்று கேட்டேன்.

"எறக்கத்துல நாங்கெல்லாம் இன்ஜின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல போட்டுருவோங்க. அடிவாரம் வரைக்கும் பிரேக்குலயே வருவோம். பெட்ரோல் மிச்சம்" என்றார். பிறகு, "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றார்.

கியரில் வந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் இரண்டு ஆள் பாரமும் அந்தச் சின்ன ஷூ மேல்தான். கீழே ஊர்ப் பக்கம் ஓடும் வண்டிக்கு ராடு நட்டைத் திருகினால் போதும். மலை வண்டிக்கு அது போதாது. தங்கராசு எந்த ஊரு, எந்த வழி என்று கேட்டது இதற்குத்தான். மலை வண்டி என்றால் டிரம்மைக் கழற்றி ஷூவை உப்புத்தாளில் தேய்த்து, இறக்கத்தில் செகண்ட் கியரில் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவான். நான் அதைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். கை முறிந்த அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, சின்னப்பையனின் தம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்து இறங்கி வந்தேன். எப்போதும் வருகிற மாதிரியே வாங்க என்று நான்தான் சொன்னேன். சாவியைத் திருப்பியதும் சத்தம் நின்றது. காற்றுதான் காதில் அடித்தது. நாலாவது வளைவில் ரப்பர் கருகும் வாசனை. கோமுகி அணைத் தண்ணீர் கண்ணில் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இறங்கியதும் அவர் சொன்னார், "ஆறு மாசம் முன்ன இன்னொரு மெக்கானிக் தம்பியும் இப்புடித்தான் வந்து உக்காந்து பாத்துட்டுப் போனாருங்க. நல்ல பையன்."

அங்கேயும் எனக்கு முன்னால் அவன்.

5. முடிவு நாள்

அதற்குப் பிறகு எல்லா வண்டிக்கும் டிரம்மைக் கழற்றினேன். கோடு குறைந்தது. ஆனால் முதலிலேயே சேர்ந்துவிட்ட கோடுகள் இருந்தனவே. மூன்று மாதம் முடிந்தபோது போர்டில் நான்தான் முதல். அறுபது கோட்டுக்கு மேல் வித்தியாசம்.

ஜமீல் பாய் தோளில் தட்டி, "அப்ப நீதாம்பா கச்சிராயபாளையம்" என்றார். தங்கராசு வந்து கை கொடுத்தான். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

நோட்டு என் பாக்கெட்டில் இருந்தது. பர்வீனைத் தவிர யாருக்கும் தெரியாது. கிழித்துப் போட்டிருந்தால் முடிந்தது. நான் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். என் யோசனையெல்லாம் பயம்தான். கச்சிராயபாளையம் மலையடிவாரம். அங்கே வருகிற வண்டியில் பாதி மலை வண்டி. நான் ஹெட். டார்கெட் அங்கேயும் வரும். ஹெட் என்றால் முதல் இடத்தை விட முடியாது. இன்னொரு தரம் டிரம்மைக் கழற்றாமல் டிக் போட மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. அடுத்த சின்னப்பையன் மண் மேட்டுப் பக்கம் திருப்பாமல் விட்டால்?

பாயின் அறைக்குப் போய் நோட்டை நீட்டினேன். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். மொத்தத்தில் தங்கராசு பக்கம் எட்டு. என் பக்கம் முப்பத்தொன்று.

"இத எதுக்குப்பா எழுதுன?"

"தங்கராச மாட்டி வுடலாம்னு பாய்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாட்டிக்கினது நீயா?" என்றார். பிறகு நோட்டை மூடி, "தப்பு எம்மேலயும் இருக்குது. எத்தினி வண்டி போச்சின்னு கேட்டன், எத்தினி வண்டி நல்லபடியா போச்சின்னு கேக்கல" என்றார்.

சின்னப்பையன் வண்டியைச் சும்மா சரிசெய்து கொடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்றுக்கொண்டார். பிராஞ்சுக்குத் தங்கராசு போனான். போர்டில் இன்னொரு கட்டம் கிழித்து, மேலே "திரும்பி வந்தது" என்று என்னையே எழுதச் சொன்னார். மார்க்கர் பேனாவில் எழுதிப் பழக்கமில்லை, எழுத்து கோணலாகத்தான் வந்தது. இன்னும் அது அப்படியே இருக்கிறது.

6. சின்ன வயசுக்காரர்களுக்கு

அதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது, இப்போது கள்ளக்குறிச்சிக் கடையில் நான்தான் ஹெட். புதிதாகச் சேருகிற பையன்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். டார்கெட் வேண்டும். அது இல்லாமல் கடை ஓடாது. ஆனால் முதலாளி ஒரு நம்பரை போர்டில் எழுதினால், அந்த நம்பரைத் தொட நம் கை எதை விட்டுவிட்டு ஓடுகிறது என்று பாருங்கள். விட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்தவன் விட்டதை எழுதும்போது நடுவில் கோடு கிழித்து உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

தினமும் வீட்டுக்குப் போகும்போது பஸ் கச்சிராயபாளையம் பிராஞ்சைத் தாண்டித்தான் போகிறது. தங்கராசு வாசலில் யாரிடமாவது எந்த ஊரு என்று கேட்டுக்கொண்டு நிற்பான். காலர் இப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நான் தலையைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். ஆனால் சீக்கிரம் தாண்டினால் தேவலை என்று இருக்கும்.

இரண்டு கடை ரிட்டர்ன் கணக்கையும் மாதக் கடைசியில் பர்வீன் சேர்த்து எழுதுகிறாள். போன மாதம் எங்கள் பக்கம் இரண்டு. அவன் பக்கம் ஒன்று. அந்த ஒன்று என்ன கம்ப்ளைன்ட் என்று அவளிடம் கேட்டேன்.

"ஹாரன் அடிக்கலியாம், அண்ணே" என்றாள்.