பால் தொடாத அடுப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ஒருத்தி பாலைத் தொடமாட்டேன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அதிலும் வேலுத்தாயின் வீட்டுக்காரர் மாரிச்சாமி பால்கோவா மாஸ்டர். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கடையின் பின்கட்டில், இரும்புச் சட்டிக்கு முன்னால் நின்று வருடக்கணக்காகத் துடுப்புப் போடுகிறவர். அவர் சட்டையும் வேட்டியும் தலைமுடியும்கூடக் காய்ச்சிய பால் மணக்கும். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் பால் கிடையாது, தயிர் கிடையாது, நெய் கிடையாது. கறி, மீன், முட்டையும் கிடையாது. "மாஸ்டர் வீட்டுக்குப் போனா கருப்பட்டிக் காப்பிதானாம்லே" என்று கடைப்பையன்கள் கேலி பேசுவார்கள். மாரிச்சாமி காதில் விழாத மாதிரி துடுப்பைப் போடுவார்.

அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. வேலுத்தாய் பாலை விட்டது ஒரு நேர்ச்சை. அதில் பாதி அவர் மனசு இறங்கத்தான் போட்டது.

எண்பத்து நாலில் அவர்களுடைய ஒரே மகள் செண்பகம் ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலை. ஒருநாள் போனவள் திரும்பவில்லை. கூட வேலைபார்த்த சுப்புராஜ் என்ற பையனோடு மாலை மாற்றிக்கொண்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், வேறு ஆட்கள். பையன் தங்கமான பையன் என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்கு யார் சொன்னார்கள்? மாரிச்சாமி வாசலில் நின்று தெருவே கேட்க, "இந்த வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது. அவ வாசப்படிய மிதிக்கிறவுக இங்க திரும்பி வரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கடைசி வாக்கியம் பெண்டாட்டிக்கு. செண்பகமும் லேசுப்பட்டவளா? அப்பா பிள்ளையாச்சே. "அவரா வந்து கூப்பிட்டா வாரேன். இல்லாட்டி இல்ல" என்று சொல்லியனுப்பினாள்.

இரண்டு பேரும் இப்படி முறுக்கிக்கொண்டு நின்றால் நடுவில் இருக்கிறவள் என்ன செய்வாள்? மார்கழியில் முப்பது நாளும் பாலையும் நெய்யையும் விலக்கி நோன்பிருக்கிற பெண்கள் அந்த ஊரில் உண்டு. வேலுத்தாயும் சின்ன வயதில் இருந்தவள்தான். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த அன்று ஆண்டாள் சன்னதியில் நின்று அந்த நோன்பை அவள் வருடம் முழுக்க இழுத்துவிட்டாள். மகள் தன் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வரைக்கும், மாடோ ஆடோ கோழியோ கொடுக்கிற எதுவும் என் வாயில் படாது என்று வேண்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புருஷனிடமும் சொன்னாள்.

மாரிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "எம்புட்டு நாளைக்குன்னு பாப்போம்" என்றார்.

பார்த்தார், பார்த்தார், வருடங்கள் போயின.

முதல் மாதம் வேலுத்தாய் பட்டபாடு கொஞ்சமில்லை. தயிர் இல்லாமல் கடைசிக் கவளம் தொண்டையில் இறங்காது. தாளித்த வாசனை வந்தால் நெய் ஞாபகம் வரும். பிறகு கை தானாக வழி கண்டுபிடித்தது. மாங்காய்க் காலத்தில் புளிப்பு மாங்காயை வேகவைத்துத் தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்து, வெண்டைக்காயை வதக்கிப் போட்டாள். மோர்க்குழம்பு தோற்றுப்போனது. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் தேங்காய்ப்பாலில் கொதித்து இறங்கியதும் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் பிழிந்து சொதி வைத்தாள். கருப்பட்டிப் பாகில் உளுந்தங்களியைக் கிண்டி, குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினாள். கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பிழிந்து, தேங்காயெண்ணெயிலேயே அல்வா கிண்டினாள். தேங்காய் பக்கத்து ஊரான வ. புதுப்பட்டியிலிருந்து சாக்கில் வரும். சிரித்த தெரு மெல்ல மெல்லக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வந்தது. மாரிச்சாமியும் இரண்டாம் தடவை போட்டுக்கொள்வார்.

ஆனால் அவள் சமைத்ததெல்லாம் அவருக்கா, தெருவுக்கா? ஒவ்வொன்றையும் இறக்கி வைத்ததும் முதல் கரண்டியை ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் எடுத்து அம்மிக்குப் பக்கத்தில் வைப்பாள். செண்பகம் உட்காருகிற இடம் அது. செத்த நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறிப்போனதும் தானே எடுத்துச் சாப்பிடுவாள். உப்பு சரியாக இருக்கும், உறைப்பு சரியாக இருக்கும், ஆனாலும் நெஞ்சில் நிற்கும்.

மகள் என்ன சீமையிலா இருந்தாள்? பஸ் ஏறினால் அரைமணி நேரம். அதுதான் அவளை வாட்டி எடுத்தது. ஒருதடவை பொறுக்கமாட்டாமல் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வந்தது, எல்லாரும் இறங்கினார்கள். புருஷன் சொன்னது நினைவுக்கு வந்தது, கால் எழவில்லை. ஜன்னல் வழியாகப் போகிற வருகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தாள். "எறங்கலையா ஆச்சி?" என்று கேட்ட கண்டக்டரிடம் திரும்பிப் போகவும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே சீட்டில் ஊர் வந்து சேர்ந்தாள். மடியில் இருந்த தூக்குச்சட்டியில் பணியாரம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி கைகொடுக்க வந்தாள். ஜவுளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒருதடவை ராஜபாளையம் மில் லைன் வீடுகளில் சேலை விற்கப் போகிறவள். "நீ போகக் கூடாதுன்னுதானக்கா மாஸ்டரு சொன்னாவ? பணியாரம் போகக் கூடாதுன்னு சொல்லலையே. குடு இங்க" என்று தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து வாரா வாரம் தூக்குச்சட்டி போயிற்று. திரும்பி வரும்போது கழுவித் துடைத்துச் சுத்தமாக வரும். வேலுத்தாய் அதன் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். மகள் வீட்டுச் சோப்பு வாசனை வரும், அவ்வளவுதான்.

எண்பத்தொன்பதில் செண்பகத்துக்குப் பெண் பிறந்தது, பவானி என்று பேர் விட்டார்கள் என்ற செய்தியும் ஆயிஷா வாய்வழியாகத்தான் வந்தது. அடுத்த வருடமே இன்னொரு செய்தி வந்தது. பிள்ளைக்குப் பால் ஆகவில்லை. மாட்டுப்பால் ஒரு வாய் போனால் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, கண் மூடுகிற அளவுக்கு முகம் வீங்கிவிடுகிறதாம். தயிர், நெய், மிட்டாய் எதையும் காட்டாதே என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வேலுத்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். பால் இல்லாத இனிப்பா? அதற்கு அவளை விட்டால் ஆள் யார்? வாரம் ஒரு இனிப்பு போனது. அதில் ஒன்றுக்குத்தான் அவள் ரொம்ப மெனக்கெட்டாள். செண்பகம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மாரிச்சாமி சட்டியின் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி வாழையிலையில் மடித்துக் கொண்டுவருவார். பால்கோவாவைத் தந்தாலும் வேண்டாம் என்பாள், காந்தலுக்குப் பறப்பாள். அந்த ருசியைத் தேங்காய்ப்பாலில் வரவழைக்க வேண்டும். கெட்டிப்பாலைக் காய்ச்சினால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாகப் போயிற்று. எத்தனையோ தேங்காய் பாழ். கடைசியில் ஊறவைத்த முந்திரிப்பருப்பை வெண்ணெய் மாதிரி அரைத்து அதில் கரைத்து, சின்னத் தீயில் விடாமல் கிண்டினாள். சுருண்டு வந்ததும் வேண்டுமென்றே கையை நிறுத்தி அடியில் லேசாகப் பிடிக்கவிட்டுச் சுரண்டினாள். வாயில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. அதே காந்தல்!

ஆயிஷா வந்து சொன்னாள்: "ஒம் மக ஒரு விள்ளல் வாயில போட்டுட்டு அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாக்கா. பவானிக்குட்டி சட்டிய விடமாட்டேங்கு."

"எதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

அது பொய். ஆயிஷாவுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணைக் கீழே போட்டுக்கொள்வாள். வேலுத்தாய் மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, தொண்ணூற்றிரண்டு தை மாதத்தில் ஒருநாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

"சொல்லு பீவி. எம் மக என்ன சொன்னா?"

"கோவத்துல சொன்னதுக்கா. மனசுல வச்சுக்காத. எங்கம்மா பாலத் தொடமாட்டேன்னு நேந்துக்கிட்டதாலதான் எம் பிள்ளைக்குப் பாலு ஆகலன்னு சொன்னா. அந்த நேர்ச்ச எம் பிள்ள மேல எறங்கிருச்சுன்னா."

வேலுத்தாய் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். மகளைக் கூப்பிடுவதற்காகப் போட்ட நேர்ச்சை பேத்தியின் தொண்டையில் போய் நின்றுகொண்டதா? நாம் சொன்னால் அது எப்படி அப்படி ஆகும் என்று சிரித்துவிடுவோம். அந்தத் தாய்க்குச் சிரிக்க முடியவில்லை. நேர்ச்சையை விட்டால் மகள் வரமாட்டாள். விடாவிட்டால் குழந்தை பாலைக் காணாது. இரண்டு நாள் அடுப்பை வெறித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் குளித்து முழுகி, கோயிலுக்குப் போய் ஆண்டாளிடம் பேசினாள். எட்டு வருசமாக் கேட்டதை இனிக் கேக்கமாட்டேன் தாயி, அவ வரலன்னாலும் போகுது, அந்தச் சிசுவை விட்டுரு என்றாள். அங்கிருந்து நேரே கடையின் பின்கட்டுக்குப் போனாள்.

மாரிச்சாமி வேர்க்க விறுவிறுக்கச் சட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை.

"ஒரு கரண்டி கோவா குடுங்க" என்றாள்.

துடுப்பு நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எட்டி, வாசலை, தெருவைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டாளா? எங்கட்டி? ஏன் வெயில்ல நிக்கா? உள்ள கூப்பிடு!"

அட பாவி மனுஷா! இத்தனை வருடமாக இதைத்தானா உள்ளே வைத்துக்கொண்டிருந்தாய்? வேலுத்தாய்க்கு அவரைப் பார்க்க முடியவில்லை.

"வரல. நேர்ச்சய விட்டுட்டேன். பாலு ஆகாத அந்தப் பிள்ளைக்காக" என்றாள்.

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. அவர் ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆறவைத்து, தன் கையாலேயே அவள் வாயில் வைத்தார். அவள் விழுங்கினாள். ஊரெல்லாம் கொண்டாடுகிற பண்டம், அவளுக்கு ருசியே தெரியவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் வாந்தி. மறுநாள் காய்ச்சல். இருந்தும் பிடிவாதமாகத் தினம் ஒரு டம்ளர் பால் குடித்தாள், தினம் வாந்தியெடுத்தாள். நேர்ச்சை சரியாக உடையாமல் அரைகுறையாக நின்றுவிடுமோ என்று பயம்.

அந்த வாரம் தூக்குச்சட்டி இல்லாமல் ஆயிஷா ராஜபாளையம் போனாள். போன கையோடு செண்பகத்தை ஒரு பிடி பிடித்தாள். "நீ ஒரு வார்த்த சொன்ன, அவ பாலக் குடிச்சுக் குடிச்சுச் சாகுறா" என்றாளாம்.

இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரம். வேலுத்தாய் அடுப்பங்கரையில் அம்மிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. மெலிந்து, கன்னம் ஒட்டி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நின்றாள். பிள்ளையின் மேலுதடு லேசாகத் தடித்திருந்தது.

"யம்மா."

வேலுத்தாய் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஏம்மா பாலக் குடிச்ச?" செண்பகம் பிள்ளையை இறக்கிவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தாள். "பீவியக்கா சொன்ன அன்னிக்கே பால்ல வெரல நனச்சு இவ நாக்குல வச்சுப் பாத்தேன். ஒதடு வீங்கிப்போச்சு. ஒண்ணும் மாறலம்மா. ஒன் நேர்ச்சயால இல்ல. அது இவ ஒடம்பு. நாந்தான் எங்கயோ இருந்த கோவத்த ஒம்மேல போட்டுட்டேன்."

"என்னால இல்லையா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

வேலுத்தாய் மகள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"சாப்பிட்டியாட்டி?"

செண்பகம் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அழுதாள். பிறகு எழுந்து தானே அடுப்பைப் பற்றவைத்தாள். அம்மா படுத்தபடியே சொல்லச் சொல்ல, தேங்காய் துருவி, பாலெடுத்து, சொதி வைத்தாள். இஞ்சி கூடிப்போயிற்று. வேலுத்தாய் அந்த எவர்சில்வர் தட்டைக் காட்டினாள். மூன்று பேரும் ஒரே தட்டில் பிசைந்து சாப்பிட்டார்கள். வேலுத்தாய்க்கு அன்றைக்கு ஒரு கவளமும் நெஞ்சில் நிற்கவில்லை.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மாரிச்சாமி வேலை செய்துகொண்டிருந்த கோலத்தில் ஓடிவந்தார். துண்டு எங்கே விழுந்ததோ தெரியவில்லை. வாசப்படியைத் தாண்டி வந்து மகளைப் பார்த்தார். பேத்தியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தார். குழந்தையும் சிரித்துக்கொண்டு அவரிடம் வந்தது.

சட்டென்று அவர் நின்றுவிட்டார். நீட்டிய கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனார். காய்ச்சிய பால் வாசனை. அப்படியே பின்னால் போய் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். சாம்பலை அள்ளித் தேய்த்தார், நகக்கண்ணையெல்லாம் தேங்காய் நாரால் தேய்த்தார். மறுபடியும் சோப்புப் போட்டார். முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. எழுந்து சட்டையைக் கழற்றி எறிந்தார். மகள் முன்னால் வந்து, ஈரக் கை இரண்டையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஏட்டி செண்பகம், மோந்து பாரு. பால் வாசன இன்னும் அடிக்கா?"

செண்பகம் அந்தக் கைகளைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். விடவே இல்லை. அவர் தவியாய்த் தவித்தார்.

"சொல்லும்மா, பிள்ளையத் தூக்கணும்" என்றார்.