இன்னும் அழுத்தல சார்

எண்ணூர் கண்டெய்னர் யார்டில் கிரேனுக்குச் சைகை காட்டுபவர் அவர். ஏசிக்காகச் சர்வர் அறைக்குள் ஒதுங்கியிருந்தார். ஆரஞ்சுச் சட்டை, கழுத்தில் விசில், வெயிலில் கருகிய முகம். எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லி, வலது கையை உயர்த்திக் காத்திருப்பார். கதவைச் சாத்தச் சொன்னால்கூட, “கதவ சாத்தணும், சரிதானே?” என்பார்.

சர்வர்களைக் கண்காணிக்கும் ஏஜென்ட் புரோகிராம் ஒவ்வொன்றிலும் இருக்கிறதா என்று கட்டளை தட்டிப் பார்ப்பது என் வேலை. கடைசி சர்வரில் திரைக்குப் போகும் கேபிள் தளர்ந்திருந்தது. பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் தட்டினார்.

“ஆர், பி, எம். ஸ்பேஸ் வுட்டு சின்னதா ஒரு கோடு. ஈ. அப்பால ஏஜென்ட் பேரு. இன்னும் அழுத்தல சார். சரிதானே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையெல்லாம் பழைய புரோகிராம்களை நீக்கிய பழக்கத்தில், நீக்குகிற ‘ஈ’யையே சொல்லியிருக்கிறேன். இருக்கிறதா என்று கேட்க ‘க்யூ’ போட வேண்டும். ஏஜென்ட் அழிந்தால் திரும்பப் போட என்னிடம் சிடி இல்லை. வேலையும் போய்விடும்.

“ஐயோ, அழுத்தாதீங்க! ஈய எடுத்துட்டு க்யூ போடுங்க.”

“ஈ எடுத்தாச்சு. க்யூ போட்டாச்சு. அழுத்தட்டா?”

“சரி.”

அப்புறம்தான் என்டரைத் தட்டினார். திரையைப் பார்த்துவிட்டு, “கீது சார்” என்றார். கேபிளை விட்டேன்.

கிளம்பும்போது, “நல்லா இருக்கணும் நீங்க” என்றேன்.

“நல்லா இருக்கணும் நீங்க” என்று திருப்பிச் சொல்லிக் கையை உயர்த்தினார். நான் “சரி” என்ற பிறகே இறக்கினார்.