ஏழாம் பக்கத்துத் தண்ணீர்

பம்பு ஓடுவதைக் கண்ணால் பார்க்காமலேயே நான் பம்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். பதினாறு பக்கம், சட்டைப்பையில் அடங்குகிற அளவு, பச்சை அட்டை. ஐம்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் எனக்கு டைப் அடிக்கிற வேலை. மின்சாரம் ஒவ்வொரு கிணறாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. பரமத்தி வேலூர், எருமப்பட்டி, ஆட்டையாம்பட்டி என்று நாலா பக்கமும் லாரியில் பம்புகள் போயின. கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகமும் போனது. ஒருநாள் மானேஜர் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

“நம்ம ஆளுங்க யாருக்கும்மா இங்கிலீஷ் தெரியும்? தமிழ்ல எழுதிக் குடு. கான்வென்ட்ல தமிழுக்குப் பரிசெல்லாம் வாங்கியிருக்கியே.”

வாங்கியது உண்மைதான். வேலைக்கு மனுப் போட்டபோது அதை முதல் பாராவிலேயே எழுதியிருந்தேன். என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வதே அடக்கத்துக்காகத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். மோட்டார் என்று ஒரு இடத்தில்கூட வராமல் பார்த்துக்கொண்டேன். எல்லாம் மின்னோடி. பம்பு என்பதும் கிடையாது, நீரேற்றி. அச்சகத்துக்காரர் புரூப் கொண்டுவந்தபோது, “நல்லா கனமா இருக்குதும்மா” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை பூசை முழுக்க லத்தீன். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டுவோம். ஒரு வார்த்தை விளங்காது. விளங்கவில்லை என்று யாரும் குறைபட்டுக்கொண்டதும் இல்லை. விளங்காமல் இருப்பதுதான் மரியாதை என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் முதல் பக்கம் கம்பெனியின் பெருமை. இரண்டாம் பக்கம் வாடிக்கையாளருக்கு வாழ்த்து. மூன்றிலிருந்து ஆறு வரை உதிரி பாகங்களின் பட்டியல். ஏழாம் பக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தது: ‘உறிஞ்சு குழாயினுள் நீர் நிரப்பப்பெறாத நிலையில் நீரேற்றியை இயக்குதல் அறவே தவிர்க்கத்தக்கது.’ எழுதி முடித்ததும் இதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

விஷயம் என்னவென்றால், பம்பு கிணற்றின் உள்மேடையில் இருக்கும். அதன் குழாய் கீழே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். புதுப் பம்பில் குழாய் முழுக்கக் காற்றுதான். அப்படியே சுவிட்சைப் போட்டால் வெறுமனே சுற்றுமே தவிரத் தண்ணீர் ஏறாது. சுற்றச் சுற்றச் சூடாகும். அதனால் முதல் தடவை மேலே இருக்கிற மூடியைத் திறந்து, குழாயும் பம்பும் நிறையும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். இப்போது எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டேன்.

புத்தகம் வெளியான அடுத்த கோடையில் பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற ஒரு அம்மாள், கணவர் இல்லை. புதுப் பம்பைப் பூசை போட்டு ஓட்டிய அன்றைக்கே கருகிவிட்டது, கோடைக்கு ஆற்று வாய்க்காலையும் அடைத்துவிட்டார்கள், வேறு பம்பு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தது. மானேஜர் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார்.

“தண்ணி ஊத்தாம ஓட்டியிருக்காங்க. புஸ்தகத்துல போட்டிருக்குதில்ல? அதைச் சொல்லி முடியாதுன்னு பதில் எழுதிடு.”

எழுதினேன். மனசில் ஒரு சங்கடமும் இல்லாமல் எழுதினேன். என் ஏழாம் பக்கத்து வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் எடுத்துப் போட்டு, ‘தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தும் தாங்கள் கவனிக்கத் தவறியமையால்’ என்று முடித்தேன். புத்தகத்தைக் கொடுத்தும் படிக்காமல் இருந்தால் நானா பொறுப்பு என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அன்று மாலைத் தபாலிலேயே அது போய்விட்டது.

ஐந்தாம் நாள் அந்த அம்மாளே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். முதல் பஸ்ஸுக்கு ஏறி நாமக்கல்லில் மாறி வந்திருந்தார். கையில் மஞ்சள் துணி மூட்டை ஒன்று. நிலத்துப் பத்திரம் எடுத்து வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிரித்தால் என் பச்சைப் புத்தகம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, அட்டை நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

“பத்திரத்தோட பொட்டியில வெச்சிருந்தேனுங்க அம்மிணி. ஒரு அழுக்குப் படலீங்க” என்றார்.

உட்காரச் சொன்னேன். புத்தகத்தைத் திறந்து ஏழாம் பக்கத்தை எடுத்து, அந்த வாக்கியத்தில் விரலை வைத்து நிறுத்தி நிதானமாகப் படித்தேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு. அவர் தலையைச் சாய்த்து, கோவிலில் கேட்கிற மாதிரி பயபக்தியாகக் கேட்டார்.

“நல்லா இருக்குதுங்க. எங்கூரு வாத்தியாரும் இப்பிடித்தான் படிச்சாருங்க. ரண்டாம் பக்கம் படிச்சுப்போட்டு, நல்லா வாழ்த்தி எழுதியிருக்காங்க, பத்தரமா வெச்சுக்கோங்கன்னு மூடிக் குடுத்துட்டாரு.”

“இதுல தண்ணி ஊத்தாம ஓட்டக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்கம்மா.”

“ஊத்தறதுங்களா?” அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “மொத தண்ணி சாமிக்குங்களே அம்மிணி. பம்பு எடுத்துக் குடுக்கற மொத தண்ணியச் சொம்புல புடிச்சுப் புள்ளையாருக்கு ஊத்தோணும். நாம ஊத்துன தண்ணியே திரும்பி வந்தா அது எப்பிடிங்க சாமிக்கு ஆகும்? பூசை முடியற மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி அதும்மேல படக்கூடாதுன்னு நானே காவல் இருந்தேனுங்க.”

அவர் கவனிக்கத் தவறவில்லை. என்னைவிடக் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்.

பட்டறையிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஆட்டையாம்பட்டிக்காரர், இருநூறு பம்பாவது மாட்டியிருப்பார். பூசை போட்ட அன்றைக்கு இந்த அம்மாள் ஊருக்கும் அவர்தான் முன்கூட்டியே போக வேண்டியவர். வழியில் பஸ் நின்றுபோய், நல்ல நேரம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார். நேரம் தப்பிவிடும் என்று இவர்களே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் வரும் வரும் என்று கற்பூரம் அணையும்வரை ஓடவிட்டிருக்கிறார்கள். புகைதான் வந்திருக்கிறது.

“எல்லா ஊர்லயும் இதே வழக்கந்தானுங்க” என்றார் மெக்கானிக். “அதனால பூசைக்கு முன்னாடியே நான் போயி, போல்ட்டு முடுக்கறேன்னு சொல்லி எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு, ஆருக்கும் தெரியாம ஊத்தி வெச்சுருவேனுங்க.”

“இத்தனை நாளா ஏங்க எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

உறைத்தது. மூன்று வாரம் எழுதினேன், பட்டறை என் நாற்காலியிலிருந்து முப்பது அடி. ஒருநாள்கூட எழுந்து போய்க் கேட்கவில்லை.

அந்த அம்மாள் மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டே யோசித்தார். “ஏனுங்க, எங்க கெணத்துத் தண்ணியே எடுத்து, மஞ்சக் கலந்து ஊத்தினா ஆகுங்களா? புது மாடு வந்தாக்கூட மஞ்சத்தண்ணி ஊத்தித்தானுங்க கொட்டத்துக்குள்ள உடறோம். பம்புக்கு மஞ்சத்தண்ணி ஊத்துங்கன்னு எழுதியிருந்தா நாலு கொடம் ஊத்தியிருப்பனே.”

ஆகும் என்றார் மெக்கானிக். தண்ணீரில் மஞ்சள் இருந்தால் பம்புக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

கொடிக்கால் எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் கேட்டேன். அதுவரை கேட்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இறைக்கிற மாடுகளை விற்றுத்தான் பம்பு வாங்கியிருந்தார். அதனால் பழையபடி மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் இறைக்க வழியில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தயவில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் தண்ணீர் வருகிறது, அது பாதிக்குத்தான் எட்டுகிறது. “உங்க கடுதாசி வந்தன்னைக்கு மீதிப் பாதியும் உசுரோடதானுங்க இருந்துச்சு. கடுதாசி வந்தா பம்பும் வரும்னு நெனச்சுக்கிட்டு, அந்தப் பாதிக்கும் கொடத்துல தூக்கித் தூக்கி ஊத்துனோம். முடியாதுன்னு இருக்குதுன்னு படிச்சுச் சொன்னதும் உட்டுப்போட்டோம்” என்றார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. எனக்கு முகம் சுட்டது.

அவரை உட்காரவைத்துவிட்டு மானேஜர் அறைக்குப் போனேன். தப்பு புத்தகத்தில்தான், பம்பு அனுப்ப வேண்டும் என்றேன்.

“ஏம்மா, இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு நூறு பேரு வந்து நிப்பாங்க. வாயால சொல்றது சுலபம். எழுதிக் குடுப்பியா, நீ எழுதினது தப்புன்னு?”

எழுதிக் கொடுத்தால் வேலை போகலாம். வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர். நாற்காலிக்குத் திரும்பி வந்து டைப்ரைட்டரில் தாளைச் சொருகினேன். ‘ஏழாம் பக்கத்தில் எழுதியது யாருக்கும் விளங்காது. விளங்கினாலும் அவர்கள் வழக்கப்படி செய்ய முடியாது. எழுதியது நான். தவறு வாடிக்கையாளருடையது அல்ல.’ என் வாழ்க்கையில் அதுவரை எழுதியதில் அவ்வளவு சின்னச் சின்ன வாக்கியங்கள் கிடையாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மானேஜர் அதை மூன்று தடவை படித்தார். கடைசியில், “இது விளங்குதும்மா” என்றார். வேலை போகவில்லை. ஆனால் முதலாளி வெளியூரிலிருந்து வந்து சரி சொல்ல மேலும் நான்கு நாள் ஆயிற்று.

பம்பு லாரியில் முன்னால் போனது. மெக்கானிக்குடன் நானும் பஸ்ஸில் போனேன். நீ எதற்கு என்று மானேஜர் கேட்டதற்கு, பம்பு எப்படி இருக்கும் என்று பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கொடிக்காலுக்குள் செருப்போடு போகக்கூடாது. வரப்பிலேயே கழற்றிவிட்டு நடந்தேன். இடது பக்கம் அகத்தி மரங்களில் கொடி பச்சையாக ஏறியிருந்தது. வலது பக்கமும் அதே அகத்தி, அதே வரிசை. கொடிகள் மட்டும் கறுத்துச் சுருண்டு, தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தன. நான் தொட்டுப் பார்த்தேன்.

கிணற்றின் படியிலேயே வாளியில் தண்ணீர் மொண்டு, குடத்தில் மஞ்சளைக் கரைத்து, அந்த அம்மாள் குடத்தை என்னிடம் நீட்டினார். “நீங்களே ஊத்துங்க சாமி. எழுதுனவங்க நீங்கதானுங்களே.”

நான் வேறு மதம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் கழுத்தில் சிலுவை தெரியத்தான் தொங்கியது, அவர் அதைப் பார்க்காமல் இல்லை. குடத்தை வாங்கி ஊற்றினேன். முதல் குடம் சுவடே இல்லாமல் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் உள்ளேயிருந்து காற்று குபுகுபுவென்று வெளியேறி, மஞ்சள் தண்ணீர் மூடி வாயில் வழிந்து என் புடவையை நனைத்தது. புத்தகத்தில் இதற்குப் ‘போதிய அளவு’ என்று எழுதியிருந்தேன். பிற்பாடு புத்தகத்துக்குப் பதிலாக, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டுகிற ஒரு தகரப் பலகை போட்டோம். முதல் வரி, ‘உங்கள் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் கலந்து, மூடியைத் திறந்து, பம்பு வழியும்வரை ஊற்றுங்கள். மூன்று குடம் பிடிக்கலாம்.’ இரண்டாம் வரி, ‘அதன்பின் பூசை போடுங்கள்.’ அந்த மூன்று குடம் அன்று நான் ஊற்றியதுதான். பலகையில் மின்னோடி கிடையாது, கம்பெனியின் பெருமையும் கிடையாது. அச்சடிக்கும் முன் நாலைந்து தோட்டத்துக்காரர்களிடம் படித்துக் காட்டினேன், முதலில் இந்த அம்மாளிடம்.

அன்றைக்குப் பூசை முடிந்து, நல்ல நேரத்துக்குள்ளேயே சுவிட்சைப் போட்டார்கள். தண்ணீர் வந்தது. முதல் சொம்பு பிள்ளையாருக்குப் போயிற்று. பிறகு தண்ணீர் தொட்டி நிறைந்து வாய்க்காலில் ஓடத் தொடங்கியது. பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது, ஒரு நிமிடம் வலது பக்கத்தையே மறந்துவிட்டேன்.

அந்த அம்மாள் மண்வெட்டியோடு வந்தார். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் என் காலைத் தாண்டி வலது பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

“என் தப்புதாங்கம்மா” என்றேன்.

அவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். “கொஞ்சம் அந்தாண்ட வாங்க அம்மிணி. அந்தப் பக்கம் இனித் தண்ணி வேண்டியதில்லீங்க” என்றார்.

நகர்ந்தேன். நான் நின்ற இடத்தில் மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து மடையை அடைத்தார்.