கவுன் ஓரத்து மஞ்சள்

நான் எட்டாவதோடு நின்றவள். டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் குடியிருக்கிறோம். கணவருக்குப் பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோவில் ஓட்டல் சமையல். நான் வீட்டில் நம்மவர்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன்.

ஜாக்கெட் தைக்க வரும் பெண் ஒருத்திக்கு ஐடியில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு பழங்காலக் கிராமத்தில் உதவிக்குப் போவாள். காட்சிக்கு மரவீடுகள் வைத்திருக்கும் இடம் அது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் டெக்சாஸுக்கு வந்து குடியேறியவர்களைப் போல உடுத்தி, அவர்களாகவே பேசிக் காட்டுவார்கள்.

ஒருநாள் பழைய கவுன் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு வேணும். மெஷின் கூடாது, கையால தைக்கணும். ஜிப் கூடாது."

"யாருக்கு?"

"ஒரு வெள்ளைக்கார அம்மா. பதினாலு வருஷமா ஒரே ரோல் பண்றாங்க. இது கிழிஞ்சுடுச்சு. டிரெஸ் சரியில்லன்னா ரோலை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். உடம்புல போட்டிருக்கறதுல எதைக் கேட்டாலும் அந்தக் காலத்து ஆளாவே பதில் சொல்லணுமாம்."

சாம்பல் நிறப் பருத்தித் துணி. பதினோரு நாள் தைத்தேன். முடித்ததும் ஓரத்தில் மஞ்சள் வைத்தேன். புதுத்துணிக்கு வைப்பதுதானே. கை தானாகச் செய்தது. பிறகு தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு, ஈரம் முழுதும் காயுமுன் மடித்து வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அவளே என்னைக் காரில் கூட்டிப்போனாள். மரவீட்டின் பின்னறையில் அந்த அம்மா கவுனை மாட்டினார். அளவு பிசகவில்லை. ஆனால் முன்பக்கம், கீழே, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பரவியிருந்தது.

"அய்யோ அக்கா! என்ன இது?"

"மஞ்சள் வெச்சேன்."

"கவுனுக்கா? யாராவது கவுனுக்கு மஞ்சள் வெப்பாங்களா?"

"புதுத்துணிம்மா."

"கல்யாணப் பட்டா இது? விட்டா குங்குமமும் வெச்சிருப்பீங்க!"

அவள் ஓடிப்போய்ச் சோப்பு கொண்டுவந்து தேய்த்தாள். மஞ்சளில் சோப்பு படக்கூடாது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அது சிவந்துவிட்டது. காய்ந்த ரத்தம் மாதிரி ஆனது.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். திட்டவில்லை. என்னவென்று கேட்டார். அவள் இங்கிலீஷில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு தலைக்குல்லாயைக் கட்டிக்கொண்டார்.

மேனேஜர் வந்தார். கண்ணாடியை இறக்கித் தையலைப் பார்த்தார். கழுத்து, கை, பொத்தான். கறையில் அவர் கண் நின்றது.

"இது என்ன?" அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

பதினாலு வருஷம் என் விரலால் போகப் போகிறது.

அந்த அம்மா நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது. மெதுவாக, கரகரப்பாக ஏதோ சொன்னார். என் பக்கத்தில் நின்றவள் கிசுகிசுத்தாள்.

"வண்டியில வரும்போது என் பொண்ணு கடைசியா படுத்திருந்த இடம்னு சொல்றாங்க. எத்தனை தடவை துவைச்சும் போகலையாம்."

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

வெளியே பெஞ்சுகளில் முப்பது நாற்பது பேர். நம் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த அம்மா வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஆறு தாண்டியது. காய்ச்சல். மண்வெட்டி இல்லாமல் வாணலியால் குழி தோண்டியது. பாதி எனக்குப் புரியவில்லை. குழி என்ற இடத்தில் அவர் கை கீழே போய் அந்தக் கறையை மூடிக்கொண்டது. பேச்சு முடியும்வரை எடுக்கவில்லை.

ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கிழங்கு மஞ்சள் அது, என் சமையலறையில் உரசியது. தெரிந்தும், அந்தக் கைக்குக் கீழே ஒரு குழந்தை படுத்திருப்பதாகவே தோன்றியது.

முடிந்ததும் அவர் சாதாரண அம்மாவாகி, சோடா குடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். தோளைத் தொட்டார்.

"பிளீச் பண்ணித் தரேன்னேன். வேணாம்ங்கறாங்க, அக்கா. அப்படியே இருக்கட்டுமாம்," என்றாள் என்னைக் கூட்டிவந்தவள்.

இப்போது மாதம் ஒருமுறை அந்தக் கவுன் இஸ்திரிக்கு என்னிடம் வருகிறது. எல்லா இடமும் தேய்ப்பேன். அந்த இடம் வந்தால் பெட்டியைத் தூக்கிவிடுவேன்.